நிறுத்தியது கொலஸ்ட்ரால் மருந்தை மட்டும்தானா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ராத்திரி ஒரு ‘கொலஸ்ட்ரால் கேப்சூல்’, காலையில் ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக லேசாக இடித்துக்கொண்டாலே கைகளில் நீலத் திட்டு வருகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் கசிகிறது. கொலஸ்ட்ரால் மருந்து மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும் என்று எங்கோ படித்துவிட்டார். என் தாத்தா மூளை ரத்தக்கசிவில்தான் இறந்தார், அதனால் அந்தப் பயம் அவருக்கு எப்போதும் உண்டு. யாரிடமும் கேட்காமல் 12 நாட்களுக்கு முன் கேப்சூலை நிறுத்திவிட்டார். இப்போது திட்டுகள் மங்கிவிட்டன, ஈறிலும் ரத்தம் இல்லை. “பார்த்தாயா, மாத்திரைதான் காரணம்” என்கிறார். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 58, பிரஷர் 158/94. எல்டிஎல் 58 ரொம்பக் குறைவோ? அடுத்த மாதம் ஒரு பல் பிடுங்க வேண்டும். அதுவரை நிறுத்தியே வைக்கலாமா? அவர் எடுக்கும் எல்லா மருந்து அட்டைகளின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இந்தப் பதில் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன். இதய மருத்துவரை இன்றே கூப்பிட்டு, கேப்சூலை நிறுத்தி 12 நாள் ஆகிறது என்று சொல்லுங்கள் என்பதுதான் அது. ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதை இங்கே விளக்குகிறேன். இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் பலரிடமிருந்து வருகிறது.

நீங்கள் படம் அனுப்பியது மிக நல்ல காரியம். அந்தக் கேப்சூல் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: அட்டோர்வாஸ்டாட்டின் 40, ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75. கொலஸ்ட்ரால் மருந்து முதலாவது மட்டும்தான், அது ஸ்டாட்டின் என்ற வகையைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் ரத்தக் குழாயில், முக்கியமாக ஸ்டென்ட்டுக்குள், ரத்தம் உறைந்துவிடாமல் தடுப்பவை. மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க மூன்றையும் ஒரே கூட்டில் போட்டுத் தயாரிக்கிறார்கள். வசதிதான். ஆனால் அது வீட்டில் ‘கொலஸ்ட்ரால் கேப்சூல்’ என்ற பெயரை வாங்கிக்கொண்டதும், உள்ளே வேறு என்ன இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா ஒரு மருந்தை நிறுத்தியதாக நினைக்கிறார். நிறுத்தியது மூன்றை. அவற்றில் இரண்டு, ஸ்டென்ட் வைத்தவர் சொந்த யோசனையில் ஒருபோதும் நிறுத்தக் கூடாதவை.

சரி, நிறுத்தியதும் திட்டுகள் மங்கியது நிஜம்தானே என்று அவர் கேட்பார். நிஜம்தான். அந்த 12 நாள் கணக்கே யார் காரணம் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ரத்தத்தில் பிளேட்லெட் என்ற நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. எங்காவது குழாய் கிழிந்தால் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைப்பவை இவைதான். ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டைச் செயலிழக்கச் செய்தால், அது சாகும் வரை அப்படியேதான் இருக்கும். குளோபிடோக்ரெல்லும் வேறொரு வழியில் அதையே செய்கிறது. ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் ஏறக்குறைய 7 முதல் 10 நாள். மருந்தை நிறுத்தினால் பழையவை போய்ப் புதியவை வர அவ்வளவு நாள் பிடிக்கும். அப்புறம் திட்டு வருவது குறையும், ஈறு கசிவதும் நிற்கும். அப்பாவுக்கு நடந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதாவது ஸ்டென்ட்டைக் காத்துக்கொண்டிருந்த பாதுகாப்பு விலகிவிட்டது என்பதற்கான அடையாளத்தைத்தான் அவர் குணமானதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் இப்படி நிறுத்தியிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஒன்றரை வருடம் ஆனதால் அது குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டில் ஒன்றாவது அவருக்குக் கட்டாயம் வேண்டும்.

இப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: இரண்டுமே இன்னும் தேவையா? மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பொதுவாக ஒரு வருடம் வரை. அதன்பின் பெரும்பாலோருக்கு ஒன்று போதும். சிலருக்கு மருத்துவர் தெரிந்தேதான் நீட்டிப்பார். பல ஸ்டென்ட்கள், சிக்கலான இடத்தில் அடைப்பு, சர்க்கரை நோய் என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். உங்கள் அப்பா விஷயத்தில் அப்படி யோசித்து நீட்டித்தார்களா, அல்லது ஒரே கேப்சூலாக இருந்ததால் பழைய சீட்டே தொடர்ந்துவிட்டதா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. மூன்று மருந்தும் ஒன்றாக இருக்கும்போது ஒன்றை மட்டும் நிறுத்துவது யாருக்கும் தோன்றாமல் போவதுண்டு. தனித்தனி மாத்திரையாக எழுதித் தரும்படி கேளுங்கள். எதையும் தனியாகக் குறைக்கவோ நிறுத்தவோ அது வசதி. வீட்டில் இருப்பவர்களுக்கும் எது எதற்கு என்று புரியும்.

இனி அவருடைய பயத்துக்கு வருவோம். அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அவர் படித்தது பொய்யும் இல்லை. 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஸ்பார்க்கிள் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அண்மையில் பக்கவாதமோ, வந்து உடனே சரியாகிவிடும் சிறு பக்கவாதமோ வந்த 4,731 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு தினமும் 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து வருடம் கவனித்தார்கள். ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதம் மருந்து எடுத்தவர்களில் 218 பேருக்கு, எடுக்காதவர்களில் 274 பேருக்கு. மூளையில் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதம் மருந்து எடுத்தவர்களில் 55 பேருக்கு, எடுக்காதவர்களில் 33 பேருக்கு. இந்த 55, 33 என்ற எண்கள்தான் எங்கெல்லாமோ சுற்றி அப்பா காதுக்கு வந்திருக்க வேண்டும்.

எண்களை முழுதாகப் பார்த்தால், கசிவு கூடியதையும் சேர்த்த பிறகும் மொத்தப் பக்கவாதங்கள் மருந்து எடுத்தவர்களிடம் குறைவுதான். பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மூளைக் குழாய்கள் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களில் சிலருக்கு முதலில் வந்ததே ரத்தக்கசிவுப் பக்கவாதம். 2008இல் அதே தரவை மறுபடி அலசியபோது, யாருக்குக் கசிவு வந்தது என்பது தெளிவானது. முன்பே கசிவு வந்தவர்கள், வயது கூடியவர்கள், ஆண்கள், பிரஷர் மிக அதிகமாகவே இருந்துவந்தவர்கள். மருந்துக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆனால் எல்டிஎல் எவ்வளவு கீழே இறங்கியது என்பதற்கும் கசிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

உங்கள் அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு. பக்கவாதம் வந்ததில்லை. அவரைப் போன்றவர்களுக்கான கணக்கு வேறு. ஸ்டாட்டின் ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. பத்தாயிரம் பேர் ஐந்து வருடம் நல்ல அளவில் ஸ்டாட்டின் எடுத்தால், அதனால் கூடுதலாக வரக்கூடிய மூளை ரத்தக்கசிவு 5 முதல் 10 பேருக்கு. அதே பத்தாயிரம் பேர் ஏற்கெனவே மாரடைப்பு போன்ற குழாய் நோய் வந்தவர்களாக இருந்து, எல்டிஎல் நன்றாக இறங்கினால், மாரடைப்பு, அடைப்புப் பக்கவாதம் போன்ற பெரிய விபரீதங்களிலிருந்து தப்பிப்பவர்கள் சுமார் 1,000 பேர். அப்பாவிடம் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். தன் அப்பாவை அப்படிப் பறிகொடுத்தவர் ஏன் நம்ப வேண்டும்? ஆபத்து இருக்கிறது, ஆனால் இவ்வளவுதான் இருக்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்.

ஸ்டாட்டின் ரத்தத்தை மெலிதாக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதற்கு வேண்டிய ஒரு நொதியை அது தடுக்கிறது. கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இதுதான் அதன் முக்கிய வேலை. அதோடு ரத்தம் உறையும் போக்கையும் லேசாகக் குறைக்கிறது. ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினை எடுத்தவர்களுக்குக் கால் ரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வருவது குறைந்ததாக 2009இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் அது இடித்த இடமெல்லாம் நீலமாகும் அளவுக்கான விளைவு இல்லை. ஸ்டாட்டின் மட்டும் எடுப்பவர் ஒருவருக்குப் புதிதாகத் திட்டுகள் வந்தால், நான் மாத்திரையைச் சந்தேகப்படும் முன் பிளேட்லெட் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்ப்பேன். முன்கையில் மட்டும் வந்துபோகும் ஊதாத் திட்டுகள் என்றால் வயதானதால் தோல் மெலிந்துபோனதே காரணமாக இருக்கலாம். ஈறு மட்டும் கசிந்தால் ஈறு நோய்தான் முதல் சந்தேகம். அப்பாவுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். கேப்சூல்தான் காரணம் என்று தோன்றினாலும், வேறொன்று பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது.

எல்டிஎல் 58 குறைவா? மாரடைப்பு வந்தவருக்கு நாங்கள் விரும்புவதே 70க்குக் கீழே. 55க்குக் கீழே கொண்டுபோகச் சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு. ரத்தத்தில் எல்டிஎல் குறைந்தால் மூளைக் குழாய்ச் சுவர் பலவீனமாகும் என்ற கருத்து பழையது. 2019இல் 27,900க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், எல்டிஎல் 70க்குக் கீழே இருந்தவர்களுக்குக் கசிவு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்று தெரிந்தது உண்மை. ஆனால் ஏறத்தாழ 19 வருடத்தில் அத்தனை பேரிலும் கசிவு வந்தவர்கள் மொத்தமே 137 பேர். தவிர, கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம், சத்துக்குறைவு என எல்டிஎல்லைத் தானாகவே குறைத்து, கசிவையும் கூட்டும் காரணங்கள் பல. மருந்தால் இறக்கியதையும் அதையும் ஒன்றாக வைக்க முடியாது. ஸ்டாட்டினோடு எவோலோகுமாப் ஊசியும் சேர்த்து எல்டிஎல்லை 30 வரை இறக்கிப் பார்த்த, 27,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு 2017இல் வந்தது. அதில் மூளை ரத்தக்கசிவு கூடவில்லை. 58ஐப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அது பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்பதுதான் கவலை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த எண் 158/94. மூளையில் ரத்தம் கசிவதற்குப் பெரிய காரணம் பிரஷர்தான், கொலஸ்ட்ரால் மருந்து அதன் பக்கத்தில்கூட வராது. தாத்தாவுக்கும் பிரஷர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கிறேன், விசாரித்துப் பாருங்கள். மூளை ரத்தக்கசிவுக்கு உண்மையாகவே பயப்படும் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த எண்ணை 130/80க்கு அருகில் கொண்டுவருவது. ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் வீட்டில் அளந்து எழுதிக் கொண்டுபோங்கள். இதய மருத்துவர் அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதா மாற்றுவதா என்று முடிவு செய்வார்.

பிரஷர் ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஒரு பதில் உங்கள் படத்திலேயே ஓரமாகக் கிடக்கிறது: பாதி காலியான டைக்ளோஃபினாக் அட்டை. அதைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மூட்டு வலிக்கு எப்போதாவது போட்டுக்கொள்வதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த மொத்தக் கதையில் நான் முதலில் வெளியே அனுப்ப நினைப்பது இதைத்தான். டைக்ளோஃபினாக் பிரஷரை ஏற்றும். வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டோடும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிய வழி திறந்துவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும், அதனால் இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென்னுக்கு மாறலாமா என்று கேட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரினின் வேலையையே அது தடுக்கக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டு உறைவுத் தடுப்பு மருந்துகளும் தொடரப்போகின்றன என்றால் வயிற்றைக் காக்க ஒரு மாத்திரையும் கேளுங்கள். பொதுவாக பான்டோப்ரசோல் கொடுப்பார்கள். ஒமெப்ரசோல் குளோபிடோக்ரெல்லின் சக்தியைக் குறைப்பதால் அதைத் தவிர்ப்பது வழக்கம்.

படத்தில் மீன் எண்ணெய் டப்பாவும் இருக்கிறது. யாரோ அன்பாக வாங்கிக் கொடுத்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் சிறிய அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, பெரிய பயனும் இல்லை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை மருத்துவர் சீட்டில் எழுதும் அதிக அளவில், தினம் 4 கிராம் போல, எடுத்தால் அது கொஞ்சம் ரத்தக்கசிவையும் இதயத் துடிப்புக் கோளாறையும் கூட்டக்கூடும். இதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், போதும்.

பல் பிடுங்குவதற்கு வருவோம். அதற்காக ஸ்டாட்டினை நிறுத்தத் தேவையே இல்லை. பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குக்கூட அதைத் தொடரச் சொல்கிறோம். ஆஸ்பிரினோடு சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்குவதும் வழக்கமான காரியம். இரண்டு மருந்தும் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் நிறுத்தாமலேயே செய்கிறார்கள். ரத்தம் சற்று நேரம் கூடுதலாகக் கசியும், அவ்வளவுதான். பஞ்சை வைத்து அழுத்திக் கடிப்பது, தேவையானால் ஒரு தையல், காலை வேளையில் நேரம் வாங்குவது என்று பல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அவர் “ஐந்து நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று சொன்னால், தலையாட்டிவிட்டு வராமல் இதய மருத்துவரோடு ஒரு தடவை பேசும்படி கேளுங்கள். பல் பிடுங்கிய பின் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் அதோடு சேர்ந்தால் தசைகள் பாதிக்கப்படலாம். தசை கடுமையாக வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் பலர் ரத்தம் போகிறது என்று நினைப்பார்கள். அது சிதைந்த தசையிலிருந்து வரும் நிறமாகவும் இருக்கலாம். மிக அரிது. ஆனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குழம்பக் கூடாது என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம். உங்கள் கணக்கு வேறு. ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவையும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட்டும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. இவற்றைப் புதிதாகத் தொடங்கினாலும், அளவு மாற்றினாலும், நிறுத்தினாலும் சில நாட்களுக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் இந்த விஷயத்தில் சாது. முன்பு மூளையில் ரத்தக்கசிவே வந்தவர்களுக்கு ஸ்டாட்டின் தொடரலாமா என்பது உண்மையிலேயே சிக்கலான முடிவு. கசிந்த இடம் எது, எம்ஆர்ஐயில் பழைய நுண்கசிவுகள் தெரிகின்றனவா, இதயத்துக்கு அந்த மருந்து எவ்வளவு அவசியம் என்று பார்த்து நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. கேள்வி பதிலில் சொல்லிவிடக் கூடியது அல்ல.

அப்பா மருந்தை மறுபடி தொடங்கியதும் திட்டுகள் திரும்ப வரலாம். வந்தால் பயந்துபோய் மறுபடி நிறுத்திவிடாமல் இருக்க இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். தோலில் தெரியும் சிறு திட்டு தொந்தரவுதான், ஆபத்து அல்ல. காத்திருக்காமல் ஓட வேண்டியவை வேறு: தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், ரத்த வாந்தி, இதுவரை வராத அளவு திடீர்த் தலைவலி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி. தலையில் பலமாக அடிபட்டால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் போய்க் காட்டிவிட வேண்டும். அங்கே போனதும் முதல் வாக்கியமாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுக்கிறார் என்று சொல்லுங்கள்.

விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக இரண்டு கேப்சூல் போடக் கூடாது. இடைவெளி விழுந்துவிட்டதால் எப்படித் தொடங்குவது என்பதை இதய மருத்துவரே சொல்லட்டும். அவரிடம் போகும்போது எல்லா அட்டைகளையும், அந்த டைக்ளோஃபினாக்கையும் மீன் எண்ணெயையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், தாத்தாவைப் பற்றிய பயத்தை அவர் வாயாலேயே மருத்துவரிடம் சொல்லவையுங்கள்.